காயமில்லாத காலுக்குக் கட்டு

காயமே இல்லாத ஒரு நாயின் காலுக்கு நான் கட்டுப் போட்டேன். என்னை நம்பிய ஒருத்தியை ஏமாற்றுவதற்காகப் போட்டேன். அவள் பெயர் செல்வி. இன்றும் அவள் உயிரோடுதான் இருக்கிறாள். ஆனால் அதில் என் புண்ணியம் எதுவும் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்... சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தால் நடுவில் நழுவிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கத்தோலிக்கர்கள் அல்லர். எங்கள் கோயிலில் தனியாக உட்காரவைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்கிற வழக்கம் கிடையாது. ஞாயிறுதோறும் சபையாரோடு சேர்ந்து பொதுவாக ஒரு பாவ அறிக்கை செய்வோம். அத்தனை பேர் குரலில் என் குரல் கரைந்து போய்விடும். எவ்வளவு வசதி! அதனால்தான் முகம் தெரியாத உங்களைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. குடியிருந்தது கீழ்க்கட்டளையில், ஒரு வாடகைப் போர்ஷனில், தனியாக. வீட்டுக்காரர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்தவர்கள், நிலத்தை மனையாக்கி விற்றுவிட்டு வரிசையாகப் போர்ஷன் கட்டியிருந்தார்கள். செல்வி அந்த வீட்டு மருமகள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பொதுச் சுவர்தான். நான் பள்ளியிலிருந்து திரும்பும் சத்தம் கேட்டதும் காபியோடு வந்துவிடுவாள்.

அவளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இது மூன்றாவது. மூன்று மாதம் முடியவில்லை. அந்த வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்த காலம்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் முதலுதவிக் குழுவை நடத்தியவள் நான். எலும்பு முறிந்தால் எப்படிக் கட்டுவது, ரத்தத்தை எப்படி நிறுத்துவது, முடிச்சு எத்தனை வகை... எல்லாம் எனக்கு அத்துப்படி. அதில் எனக்குக் கொஞ்சமல்ல, நிறையவே கர்வம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை, மேடவாக்கம் சாலையில் ஜல்லி லாரி ஒன்று ஒரு செவலை நாயை அடித்துவிட்டுப் போனது. செல்வி தினமும் மீந்த சோறு வைக்கிற நாய் அது. லாரிக்காரர் நெடுக ஹாரன் அடித்தும் நாய் நகரவில்லையாம். சாலை நடுவே சும்மா நின்றுகொண்டிருந்ததாம். தெருநாய் லாரிக்கு ஒதுங்காமல் நிற்குமா? இந்தக் கேள்வி எனக்கு அன்றைக்கு வரவில்லை. பாடம் நடத்துகிறவளுக்கு வந்திருக்க வேண்டும்!

செல்விதான் ஓடிவந்தாள். "அக்கா, நம்ம செவல அடிபட்டு கீது! சீக்கிரம் வாங்கக்கா, கால் தொங்கிக்கினு கீது!"

என் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாயைச் சாக்கில் கிடத்தி எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தோம். பின்னங்கால் எலும்பு முறிந்திருந்தது. செல்வி அதன் தலைப்பக்கம் உட்கார்ந்தாள். அவளுடைய மாமியார் உள்ளேயிருந்து கத்திக்கொண்டே வந்தார்.

"புள்ளத்தாச்சி போய் நாயத் தொடுவாங்களாடி? எழுந்துரு! டீச்சரம்மா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரித்தேன். "அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா. நான் இருக்கேன்ல? நீ பிடிச்சுக்கோ செல்வி" என்றேன்.

அடிபட்ட மிருகத்துக்குச் சிகிச்சை செய்யும் முன் அதன் வாயைத் துணியால் கட்டிவிட வேண்டும். இதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! அன்றைக்கு நான் கட்டவில்லை. நாய் சாதுவாகக் கிடந்தது. தெரிந்த நாய். போதாததற்குச் சுற்றிலும் பத்துப் பேர் நின்று என் கைவேலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காயத்தைக் கழுவினேன். பள்ளி மரஸ்கேலை உடைத்து அணை வைத்தேன். என் பழைய நீலச் சேலையைக் கிழித்துச் சுற்றினேன். கடைசி முடிச்சை இறுக்கியபோது நாய் தலையைத் திருப்பியது. "ஸ்..." என்றாள் செல்வி. அவ்வளவுதான். கட்டைவிரலுக்குக் கீழே பல் உரசிய ஒரு சின்னக் கோடு. அதில் பொட்டு அளவு ரத்தம்.

சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆமாம், கழுவினேன்... இந்த ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தொங்கிக்கொண்டிருக்கிறேன். நன்றாகக் கழுவினேனா? எவ்வளவு நேரம் கழுவினேன்? அவள் மாமியார் பார்த்துவிடக் கூடாது என்று அவசரமாகக் கழுவினேனே, அது போதுமா?

ஆனாலும் அவர் பார்த்துவிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என் முகத்துக்கு நேரே வந்து நின்று, தாழ்ந்த குரலில், "இதுக்கு எதுனா ஒண்ணு ஆச்சு, நீங்கதான் டீச்சரம்மா பதில் சொல்லணும்" என்றார்.

அந்தக் காலத்தில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. பேரைச் சொன்னாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் எல்லோரும் செய்கிற வழி ஒன்று உண்டு. கடித்த நாயைப் பத்து நாள் கட்டி வைத்துப் பார்ப்பது. பத்து நாளும் அது நன்றாக இருந்தால் ஊசி வேண்டாம். செத்தாலோ வெறி பிடித்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டாக்டர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

"பத்து நாள் என் பொறுப்பு. நான் பார்த்துக்கிறேன்" என்று அந்தக் கூட்டத்துக்கு முன்னால் சொன்னேன். நாயை என் பின்கட்டில் கட்டினேன்.

மூன்றாம் நாள் அது தண்ணீர் குடிக்கவில்லை. தட்டை அருகே தள்ளினேன். உடம்பு தூக்கிப்போட்டது. அலுமினியத் தட்டின் விளிம்பைக் கடித்தது. வாயிலிருந்து நூலாக எச்சில் இறங்கியது. குரைத்தபோது அது நாயின் குரலாகவே இல்லை, தொண்டை கிழிந்த ஒரு ஊளை.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. 'எனக்குச் சரியாகத் தெரியாது' என்று சொல்லிக்கொள்கிற ஆறுதல்கூட எனக்கு இல்லை. கரும்பலகையில் எழுதிப்போட்டு நானே நடத்தின பாடம் அது!

உடனே பக்கத்து வீட்டுக்குப் போனேன். உண்மையாகவே சொல்லத்தான் போனேன். செல்வி பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் அம்மன் கோயிலிலிருந்து மந்திரித்து வாங்கிவந்த கயிற்றை அவள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருந்தார். "நாய் எப்டி கீது டீச்சரம்மா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

என் வாயிலிருந்து எப்படி வந்தது அது? நாளைக்குச் சொல்லலாம், பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேனா? இல்லை... அந்த அம்மாவின் முகத்துக்குப் பயந்தேன். மூடநம்பிக்கை என்று சிரித்தேனே, அந்தச் சிரிப்பு என் முகத்திலேயே திரும்பி வந்து விழும் என்று பயந்தேன். என் மானத்தையும் அவள் உயிரையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எந்தத் தட்டு தாழ்ந்தது என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் காலையில் பின்கட்டில் நாயைக் கட்டிய கயிறு அறுந்து கிடந்தது. நாய் இல்லை.

அதற்கடுத்த நாள் பஸ்ஸுக்குப் போகும் வழியில், ஏரிக்கரையில் அதைக் கண்டேன். கன்றுக்குட்டியைத் துரத்தியிருக்கிறது. யாரோ அடித்துப் போட்டிருந்தார்கள். உடம்பெல்லாம் புழுதி. பின்னங்காலில் என் நீலச் சேலைத் துணி மட்டும் அவிழாமல் இருந்தது. என் முடிச்சு அல்லவா... அது எப்படி அவிழும்!

யாராவது அந்தத் துணியைப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். குனிந்து, வெறும் கையால், அந்த முடிச்சை அவிழ்த்தேன். வருடக்கணக்கில் சாக்பீஸ் பட்டு என் விரல் நுனிகள் வெடித்திருக்கும். துணி எச்சிலில் ஊறி ஈரமாக இருந்தது. அதைச் சுருட்டி முட்புதருக்குள் எறிந்துவிட்டு, ஏரித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, பஸ் ஏறிப் போய்ப் பாடம் நடத்தினேன்.

சாயங்காலம் செல்வி வாசலிலேயே நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏரிக்கரையில வெறிநாய அடிச்சுப் போட்டாங்களாமே... நம்ம செவல இல்லியே அக்கா?"

"சே, நம்ம செவலை பின்னாடி தூங்குது. ராத்திரி வலியில கத்தியிருக்கு, இப்ப எழுப்பாதே. காலையில வந்து பாரு."

அவள் போனதும் டீக்கடைக்குப் போய்ப் பொறை வாங்கினேன். அந்தத் தெருவில் அதே நிறத்தில் இன்னொரு நாய் உண்டு. ஒரே ஈற்றுக் குட்டிகளாக இருக்கலாம். பொறையைக் காட்டி அதைப் பின்கட்டுக்கு வரவழைத்தேன். அதே நீலச் சேலையில் இன்னொரு பட்டை கிழித்தேன். இன்னொரு மரஸ்கேலை உடைத்தேன். நல்ல காலை மடக்கிப் பிடித்து, அணை வைத்து, துளி சுருக்கமில்லாமல் சுற்றினேன். இந்த முறை வாயைக் கட்ட மறக்கவில்லை!

என் வாழ்க்கையிலேயே நான் போட்ட மிகச் சிறந்த கட்டு அதுதான்.

காலையில் செல்வி வந்து பார்த்தாள். அது வாலை ஆட்டியது. தண்ணீரைச் சப்புக்கொட்டிக் குடித்தது. கட்டுப் போட்ட காலை ஊன்றி நடந்தது.

"அதுக்குள்ள நடக்குது பாரேன்! இன்னா கைராசிக்கா உங்களுக்கு!" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கட்டைவிரலுக்குக் கீழே அந்தக் கோடு காய்ந்து, மெல்லிய கறுப்பு நூலாகத் தெரிந்தது.

நீங்கள் இப்போது ஒன்று நினைப்பீர்கள். கர்ப்பிணிக்கு அந்த ஊசி போட்டால் குழந்தைக்கு ஆகாது என்று பயந்து மறைத்திருப்பாள், பாவம், என்று. நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அது உண்மையா என்று ஒரு டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. கேட்கச் சந்தர்ப்பம் இல்லாமலா?

சந்தர்ப்பம் இருந்தது... இதோ, இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நான் ஊசி போட்டுக்கொண்டேன்.

ஆமாம்! நான் மட்டும். விரல் வெடிப்பில் அந்த ஈரம் பட்டதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏதோ பயிற்சி வகுப்பு என்று பள்ளியிலும் செல்வி வீட்டிலும் சொல்லிவிட்டு, பல்லாவரத்தில் ரயில் ஏறி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தெரிந்தவர்கள் யாரும் வர மாட்டார்கள் என்று அவ்வளவு தூரம். அங்கே இருந்த டாக்டர் நல்ல மனிதர். நாய் செத்ததைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"வேற யாரையாவது கடிச்சுதா? யாரையாவது பிறாண்டினாலும் சொல்லுங்க, கூட்டிட்டு வந்துடுங்க."

"இல்லை சார்" என்றேன்.

தினமும் போனேன். வயிற்றில் வட்டமாக வீங்கியது. சேலையைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டேன். ஒவ்வொரு ஊசி இறங்கும்போதும் பல்லைக் கடித்தேன். எனக்கு வலித்தது என்று எழுதக்கூட இப்போது கூச்சமாக இருக்கிறது.

"இன்னாக்கா, வயித்தப் புடிச்சுக்கினே நடக்குறீங்க?" என்று செல்வி கேட்டாள்.

"அல்சர்ம்மா" என்றேன்.

அன்றிலிருந்து காபியை நிறுத்திவிட்டாள். தினமும் குழைய வடித்த சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். என்னைக் காப்பாற்றுகிற ஊசியின் வலிக்கு அவள் கையால் மோர்க்கஞ்சி குடித்தேன். எப்படித் தொண்டையில் இறங்கியது என்று கேளுங்கள். இறங்கியது. பசித்தது, குடித்தேன்.

பத்தாம் நாள் அவள் மாமியார் கற்பூரம் ஏற்றி அந்த இரண்டாவது நாய்க்கே சுற்றிப் போட்டார். என்னிடம் வந்து, "மனசுல வெச்சிக்காதீங்க டீச்சரம்மா" என்றார். நான் கட்டை அவிழ்த்தேன். நாய் ஓடிப்போனது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

என் பயம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

நகரத்து நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். கிருமி உடம்பில் வாரக்கணக்கில் தங்கலாம், மாதக்கணக்கிலும் தங்கலாம். அபூர்வமாகச் சிலருக்கு வருடங்களும் ஆகலாம் என்று போட்டிருந்தது. அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ முடியவில்லை. தண்டனைக்கு முடிவுத் தேதி இல்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்?

ஒருநாள் சாயங்காலம், சுவருக்கு அந்தப் பக்கம் செல்வியின் குரல் கேட்டது. "வேணா அத்த... தண்ணியப் பாத்தாலே ஒரு மாதிரி வருது. எடுத்துக்கினு போங்க."

நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. எதிரே ஒரு சொம்புத் தண்ணீர். சொம்பை எடுத்து அவள் வாயருகே வைத்து, "குடி செல்வி, ஒரு வாய் குடி, எனக்காகக் குடி" என்று கெஞ்சினேன். தண்ணீர் அவள் மேலெல்லாம் சிந்தியது. அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். பிறகு குடித்தாள். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு... தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். உடனே வெளியே ஓடி எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"மசக்கைக்குப் போய் யாராச்சும் இப்டி அழுவாங்களா?" என்று மாமியார் சிரித்தார். "கூடப்பொறந்தவகூட இப்டி உருக மாட்டா."

அப்போதாவது சொன்னேனா? ஊசி போட அப்போதும் நேரம் இருந்ததே! நாளாகிவிட்டாலும் போடலாம் என்று படித்திருந்தேனே! சொல்லவில்லை. சொன்னால் ஒரு பொய் இல்லை, இரண்டு பொய் வெளியே வரும். நாய் மாறியதைச் சொல்லலாம்... என் வயிற்றைக் காட்டி எப்படிச் சொல்வது?

பெண் குழந்தை பிறந்தது. நல்ல குழந்தை. கைராசிக்கார டீச்சர்தான் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டும் என்று செல்வி பிடிவாதம் பிடித்தாள். வைத்தேன்.

பிறகு நான் தாம்பரத்துக்கே வீடு மாறிவிட்டேன். ஓடிவிட்டேன் என்பதுதான் சரி. ஆனால் அவள் விடுவாளா? மாதம் ஒருமுறை பஸ் ஏறி, பிள்ளையோடு வந்துவிடுவாள். வந்ததும் முதல் வேலையாக ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பேன். அவள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். "எங்க அக்கா வூட்ல மட்டும்தான் தண்ணிக்குக்கூட இப்டி உபசாரம்" என்று மகளிடம் பெருமையாகச் சொல்வாள்.

அந்த மகளுக்குப் பத்து வயது நடந்தபோது நேர்ந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

வழக்கம்போல் வந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு சாதாரணமாக, "இவள ஒரு நாய்க்குட்டி கடிச்சிச்சுக்கா. அத்த பேஜார் பண்ணிக்கினு கீது. நான் சொல்லிட்டேன், அக்கா காட்டின வழி கீதே, கட்டி வெச்சு பத்து நாள் பாப்போம்னு" என்றாள். பெண் காலை நீட்டிக் காட்டினாள். ஆழமான கடி.

"நாய் எங்கே?"

"அதுதான்... நேத்துலருந்து காணல. திரும்பி வந்துடும்."

"எழுந்திரு. இப்பவே ஊசி போடணும்" என்றேன்.

செல்வி சிரித்தாள். கபடமே இல்லாத சிரிப்பு. "இன்னாக்கா இது? எனக்கு மட்டும் ஊசியே வேணான்னீங்க?"

நான் வாயைத் திறந்தேன். கடவுள் அதைவிடத் தெளிவாக ஒரு வாசலைத் திறந்துவிட முடியுமா?

"அப்போ வயித்துல போடுவாங்க... இப்போ புதுசா வந்திருக்கு, கையிலதான் போடுறாங்க. வலிக்காது" என்றேன்.

ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். இந்த முறை தூரத்து ஆஸ்பத்திரி இல்லை, பக்கத்திலேயே. பெண் என் மடியில் உட்கார்ந்து தைரியமாகப் போட்டுக்கொண்டாள். இளவயது டாக்டர். சீட்டில் எழுதிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"வேற யாரையாவது கடிச்சிருக்கா?"

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் கட்டைவிரலுக்குக் கீழே தோல் வழவழவென்று இருந்தது. அங்கே ஒரு கோடு இருந்தது என்று இனி உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இல்ல சார்" என்றாள் செல்வி, மகளின் தலையைத் தடவிக்கொண்டே.

நான் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், "தாகமா கீதுக்கா" என்று வராந்தாவிலிருந்த குழாயைத் திறந்தாள். இரண்டு கையையும் குவித்துத் தண்ணீரை ஏந்தினாள். வாயருகே கொண்டுபோனவள், ஏதோ நினைவு வந்ததுபோல் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் தண்ணி குடிக்கிறப்ப எல்லாம் ஏங்கா அப்டியே பாக்குறீங்க?"

விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லை, நீ குடி" என்றேன்.

குடித்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன்.